இருபது பெட்டி மரவள்ளியும் ஒரு குரல்செய்தியும்

போன வைகாசியில் தென்னமெரிக்கா முழுவதும் ஹம்பேர்க்கில் கமலநாயகியின் கடைவாசலில் வரிசையாக நின்றது. சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நாற்பது பேர் இருக்கும். ஆனால் அதில் ஒருவர்கூடத் தமிழர் இல்லை, அது சத்தியம்.

ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் அவளுடைய பலசரக்குக் கடை. அந்த வியாழன் காலை இருபது பெட்டி மரவள்ளிக்கிழங்கு வந்து இறங்கியது. தொலைபேசியில் "இருபது" என்றபோது அவள் நினைத்தது கிலோ. மொத்த வியாபாரிக்கோ எல்லாமே பெட்டிக் கணக்கு.

"எங்கட சனம் ரெண்டு பெட்டி வாங்கும். மிச்சம் ஞாயிறுக்குள்ள கறுத்துப்போம்," என்றார் கணவர் தியாகராசா. "இனி ஓடர் குடுக்கிறது நான்தான், சொல்லிப்போட்டன்!"

பதினெட்டு வருடம் அவளே நடத்திய கடை. சுருக்கென்று தைத்தது.

"ஞாயிறு மட்டும் பொறுங்கோவன்."

கடை திறப்பதற்கு முன்பு பத்து வருடம் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவள் அவள். கூட வேலை செய்தவள் கொலம்பியாக்காரி மார்செலா. வாளியும் துடைப்பமுமாக இருவரும் நடந்த நடையில், கமலநாயகியின் நாக்கில் ஜெர்மனுக்கு முன்னரே ஸ்பானிஷ் ஏறிவிட்டது. இப்போது அவளையே கூப்பிட்டாள். மார்செலா வந்து ஒரு கிழங்கை முறித்துப் பார்த்தாள். பால்வெள்ளை. கைபேசியை வாயருகே பிடித்து, ஒரே மூச்சில் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளி, தோழிகளுக்கு அனுப்பினாள். அவ்வளவுதான்.

வெள்ளி காலை முதலில் வந்தவள் ஈக்குவடோர் தாதி. பிறகு பெரு, பொலிவியா, வெனிசுவேலா, பராகுவே. தெற்கே சிலியிலிருந்துகூட ஒருவர். ஒவ்வொருவரும் கைபேசியை நீட்டி, "இந்தக் கடைதானே?" என்றார்கள். எல்லாக் கைபேசியிலும் மார்செலாவின் அதே குரல்! வரிசையில் நின்றபடியே, பொரிப்பதா, அவித்துச் சீஸ் தூவுவதா என்று சண்டை வேறு. மலையில் பிறந்தவரும் கடற்கரையில் பிறந்தவரும் மல்லுக்கு நின்றார்கள், ஒருவரும் "என்ன சொன்னாய்?" என்று திருப்பிக் கேட்கவில்லை. சிலர் பெட்டியோடு தூக்கிப் போனார்கள்.

கமலநாயகி கல்லாவில் வாய் பிளந்து நின்றாள்.

"கடைக்கு வாற கோயம்புத்தூர் மதுமதியும் தமிழ்தான், அவளுக்கே நான் எல்லாத்தையும் ரெண்டுதரம் சொல்லவேணும். இதுகளைப் பாருங்கோ! எத்தினை நாடு, எவ்வளவு தூரம்! ஒரு குரல் போதுமாக் கிடக்கு."

சனி மாலை ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது. "அதுவும் போச்செண்டால் ஓடர் உம்மட பாடு," என்றார் தியாகராசா, கொஞ்சம் இறங்கி.

கதவைச் சாத்தும் நேரம் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து அந்தப் பெட்டியை அணைத்துத் தூக்கினார். கமலநாயகிக்கு நிலை கொள்ளவில்லை. மார்செலாவின் குரல்செய்தியைச் சொல்லி அவரிடம் ஸ்பானிஷிலேயே பெருமையடித்தாள்: தென்னமெரிக்காவில் இந்த மொழி பேசாத மனிதரே இல்லையாமே!

அவர் பெட்டியை மெல்லக் கீழே வைத்து, அதற்கான காசை எண்ணிக் கொடுத்தபடி ஜெர்மனில் சொன்னார்: "அந்தச் செய்தி எனக்கு வரவேயில்லை, அம்மா. ரயிலில் ஒருவர் கையில் கிழங்கைக் கண்டு விசாரித்து வந்தேன். நான் பிரேசில்காரன். எங்களுக்குப் போர்த்துக்கீசம். அந்தக் கண்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நாங்கள்தான்."