சுனைக்கு மேலே இருந்த காடு

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்தும் தரையின் சூடு செருப்பைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒருவர் பலாப்பழத்தை வகுந்தார். எனக்குச் சர்க்கரை வியாதி, சுளை ஆகாது. வாசனைக்கு டாக்டர் தடை போடவில்லை. நின்ற இடத்திலேயே நான் பச்சைமலைக்குப் போய்விட்டேன்.

என் முதல் வேலை அந்த மலையில்தான். மலைகளைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு சின்ன அமைப்பு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பாத்திரக்கடை மாடியில் அதன் ஆபீஸ். அதுவரை நான் ஏறிய ஒரே மலை மலைக்கோட்டை. அதிலும் ஒவ்வொரு தடவையும் பாதியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்த வேலை பிடிக்கவே இல்லை. "ரெண்டு ஆத்துக்கு நடுவுல பொறந்துட்டு, தண்ணியக் காப்பாத்தறேன்னு மலைமேல போறயே, நன்னாருக்காடி?" என்பாள். அப்போது காவிரியில் மணல் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். அதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தெம்பு இருந்ததில்லை.

கூட வேலை பார்த்தவர் ரஹ்மத் அண்ணன், கீழே பாத்திரக்கடைக்காரரின் தம்பி. நாங்கள் இருவரும் துறையூர் போய், அங்கிருந்து வேறு பஸ்ஸில் மலையேறி, பிறகு ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' என்று எழுதிய பேனரை அண்ணன் தோளில் சுமந்து வருவார். அது பிளாஸ்டிக் பேனர் என்பது எங்களுக்கு மூன்றாவது ஊரில்தான் உறைத்தது. "யா அல்லா, சுருட்டும்மா, சுருட்டு" என்று அவர் பதறியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எங்கள் வேலை என்னவோ எளிமையானதுதான். ஜவ்வரிசி ஆலைகளுக்காக மலைமேல் எல்லோரும் மரத்தை வெட்டி மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழங்கைத் தோண்டும்போது மண் இளகி மழையோடு இறங்கிவிடும். சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு கட்டுங்கள், சுனைகளுக்கு மேலே இருக்கிற மரங்களையாவது விட்டுவையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்வோம். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்பார்கள். கேட்டுவிட்டு மரவள்ளி போடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, சாமையை விற்றா பிள்ளைகளைப் படிக்கவைப்பது?

செல்லம்மாள் மட்டும் விட்டுவைத்தார். புருஷன் இல்லாதவர், ஒரே மகள். அவர் நிலத்தின் மேல்கோடியில் பலாவும் நாவலும் புதருமாக ஒரு துண்டுக் காடு. அதன் அடியில் பாறை இடுக்கில் ஊரின் சுனை. கொழுந்தன் அரிவாளோடு வந்து நின்றபோது, "தண்ணிக்கு உம் பொண்டாட்டியும் இங்கதான் வர்றா. அவளக் கேட்டுட்டு வந்து வெட்டு" என்றாராம். கொழுந்தன் திரும்பிப் போய்விட்டார். அதற்கடுத்த கோடையில் சுற்றுவட்டாரத்தில் எல்லாச் சுனையும் வற்றியது, இது வற்றவில்லை. அடுத்த ஊர்ப் பெண்களும் குடத்தோடு வந்தார்கள். நானும் அண்ணனும் ஏதோ நாங்களே ஊற்றைத் தோண்டியதுபோலப் பெருமையோடு திரிந்தோம்.

பிறகு ரோடு வந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊர்வரை தார் ரோடு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை என்பதால், அளந்தவர்கள் செல்லம்மாளின் காட்டு வழியாகக் கோடு போட்டார்கள். எங்கள் ஆபீஸ் கொதித்தது. எதிர்த்து மனு எழுதி, முதல் கையெழுத்தைச் செல்லம்மாளிடம் வாங்கிவரச் சொல்லி எங்களை அனுப்பினார்கள்.

அவர் மனுவைத் தொடவில்லை. மகளைக் காட்டினார். மகள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள், வயிறு ஆறு மாதம்.

"போன தடவ இவளுக்கு வலி எடுத்தப்ப மூங்கில்ல போர்வையக் கட்டித் தூக்கிட்டுப் போனோம். பாதி வழியிலயே பொறந்துச்சு. தங்கல. நான்தான் கையில வாங்குனேன்" என்றார். மகளைப் பார்த்தபடியே, "ரோடு வரட்டுங்க" என்றார்.

"சுனை போயிடும்மா" என்றார் அண்ணன்.

"தெரியும் தம்பி. நீங்க வந்து சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்."

அண்ணன் பேனாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் இறங்கிவந்து இன்ஜினியரைப் பார்த்து, கோட்டைக் கொஞ்சம் நகர்த்தக் கேட்டோம். நல்ல மனிதர்தான். "சுனையத் தொடவே மாட்டோங்க, அதுக்கு மேலதானே போகுது" என்று ஆறுதலாகச் சொன்னார். மேலே இருக்கிற காடுதான் சுனை என்பதை அவருக்கு எங்களால் புரியவைக்க முடியவில்லை.

மரம் வெட்ட வருவதற்கு முந்தின நாள் செல்லம்மாள் காய்த்திருந்த பலாவையெல்லாம் இறக்கினார். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார், கொழுந்தன் வீட்டுக்கும். ஊரே மணத்தது. எங்களுக்கும் ஒரு பழம். பஸ்ஸில் அதை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு திருச்சி வந்து சேர்ந்தோம்.

ரோடு பிரசவத்துக்குள் முடிந்துவிட்டது. மகளை வேனில் ஏற்றித் துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை, நல்ல எடை. தகவல் வந்த அன்று அண்ணன் ஆபீஸ் முழுவதற்கும் அல்வா வாங்கினார். அடுத்தடுத்த கோடைகளில் சுனை மெலிந்து, கசிவாகி, நின்றது. எங்கள் அமைப்பும் ஏறக்குறைய அதே சமயத்தில் மூடப்பட்டது. அண்ணன் துபாய்க்குப் போனார், நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன்.

போன மாதம் மலைக்குப் போனேன். செல்லம்மாளுக்குக் கண் மங்கிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. பேத்தி ப்ளஸ் டூ. குடிக்க கேன் தண்ணீர் கொடுத்தாள். அது கீழேயிருந்து வேனில் ஏறி வருகிறது. சனி ஞாயிறு பைக்கில் வருகிறவர்கள் போடும் பாட்டில்களும் சிப்ஸ் பாக்கெட்டும் ரோட்டோரம் நெடுகக் கிடந்தன. பேத்தி கோணிப்பையில் பொறுக்குகிறாளாம். அடுத்த வாரமே திரும்ப நிறைந்துவிடுமாம்.

கிளம்பும்போது செல்லம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங் குடுத்தது தப்பாங்க?" என்றார்.

"இல்லம்மா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பஸ் இப்போது ஊருக்கே வருகிறது. திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் ஒற்றையடிப் பாதையில் நடந்து, செல்லம்மாளின் காடு இருந்த வளைவை நெருங்குவதற்குள் காற்று குளிர்ந்துவிடும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். பழக்கத்தில் கை முந்தானைக்குப் போயிற்று. டிரைவர் ஹாரன் அடித்து வளைவைத் திரும்பிவிட்டார். காற்று கொதித்தது.