தலைமையகத்துக்குள் ஒரு வேலி

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் மழைக்கு ஒதுங்கி ஒரு பெரிய மாடிக் கட்டடத்துக்குள் நுழைகிறேன். அண்மைக்காலம் வரை இராணுவத் தலைமையகமாக இருந்த இடம். அதிகாரிகள் கூடிப் பேசிய மண்டபத்தின் சுவரில் வரைபடம் மாட்டிய ஆணிகள் இருக்கின்றன; இப்போது அவற்றில் வெங்காயப் பிடிகள் தொங்குகின்றன. மண்டபத்தின் நட்டநடுவே ஓர் ஓலை வேலி! மண் நிரப்பிய பெயின்ற் வாளிகளில் வேலித் தடிகளாக நட்ட கிளுவைக் கதியால்கள் துளிர்த்தும் விட்டன.

வெங்காயம் கட்டிக்கொண்டிருப்பவர் செல்வராசா.

"என்ன அண்ணை, மண்டபத்துக்குள்ளை வேலி?"

"எங்கடை ரெண்டு வீட்டையும் இடிச்சு, அந்தக் கல்லையும் போட்டுத்தான் தம்பி இதைக் கட்டினவங்கள். எல்லைக் கல்லும் தரைக்குக் கீழை எங்கையோ கிடக்கு. இப்ப காணியைத் திருப்பித் தந்திட்டாங்கள். இஞ்சாலை என்ரை, அங்காலை தங்கமலர் அக்கான்ரை. இதை இடிச்சால் கல்லுக்குவியல்தான் மிஞ்சும். வேலி போட்டால் ஆளுக்கு அரை மாளிகை."

"சண்டை வராதோ?"

"வராமல்? போன கிழமையும் வாளியை அரையடி தள்ளி வைச்சவ."

"ஆர், நானோ?" வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் சீறுகிறது. "தரை கூட்டேக்கை தட்டுப்பட்டு நகர்ந்திருக்கும்!"

வேலி மூலையில் ஒரு பொட்டு, அயலார் போய்வர விடும் சிறு வழி. அதற்குள்ளால் அக்காவின் கை, இரண்டு தேத்தண்ணிக் கோப்பைகளோடு நீள்கிறது. சிரித்தபடி அவற்றை வாங்கும்போதே, அண்ணை காலால் வாளியை மெல்ல அந்தப் பக்கம் தள்ளுகிறார்.