காதுக்கு எட்டாத கை

எங்கள் ஊர் மானாம்பதிக்குப் பக்கத்தில். அந்த வருடம் ஏரி பங்குனியிலேயே காய்ந்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் தண்டோரா போட்டார்கள். ஐந்து வயது ஆன பிள்ளைகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், மதியம் அங்கேயே சோறு உண்டு என்றார்கள்.

மறுநாளே அம்மா என்னைக் குளிப்பாட்டி இழுத்துக்கொண்டு போனாள். படிப்பை அவள் நினைக்கவே இல்லை. முந்தின வருடம் அவள் களையெடுக்கப் போயிருந்தபோது என் தம்பி ஊர்க் கிணற்றில் விழுந்து செத்துப்போனான். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டிருந்தார். என்னைத் தனியே விட்டுப் போக அவளுக்கு நெஞ்சு துணியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது.

பள்ளிக்கு ஒரே வாத்தியார். உத்திரமேரூரிலிருந்து சைக்கிளில் வருவார். பிறந்த தேதி யாருக்கும் தெரியாத காலம் அது. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. என் விரல் எட்டவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் கத்தினேன்.

“விடும்மா, தோள் எறங்கிடும். அடுத்த வருசம் கூட்டிக்கினு வா” என்றார் வாத்தியார்.

“வயசு ஆயிட்ச்சி சாமி. சோறு இல்லாம வளரல. அடுத்த வருசம் வரைக்கும் இது உசுரோட இருக்கணுமே!”

“நான் இன்னாம்மா பண்ணட்டும்? மேல கேட்டா நான்தானே பதில் சொல்லணும்?”

அம்மா அவர் காலில் விழுந்தாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அடுத்த நாள் அம்மா என்னைப் பள்ளி வாசலில் உட்கார வைத்து, “இங்கியே இரு, நகந்தா கொன்னுடுவேன்” என்று சொல்லிவிட்டு, ரோடு வேலைக்கு ஜல்லி சுமக்கப் போய்விட்டாள். மதியம் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நானும் கடைசியில் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் என்னைப் பார்த்தார்.

“உன் பேர் இல்லியே பாப்பா. வூட்டுக்குப் போ.”

சாம்பார் வாசனையில் எனக்குக் கண் இருட்டியது. அம்மாவைத் தேடி ரோட்டோரமாகவே நடந்தேன். அவளோ அதே நேரம் மனசு கேட்காமல் ஏரிக்கரை வழியாகப் பள்ளிக்கு ஓடி வந்திருக்கிறாள். வாசலில் நான் இல்லை. நேராகக் கிணற்றுக்கு ஓடினாளாம்.

ரோட்டில் அம்மா இல்லை என்று தெரிந்து நான் திரும்பி வந்தபோது கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. அம்மா மண்ணில் புரண்டு மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் அவளைப் பிடித்திருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு கலங்கல் தண்ணீரில், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, வாத்தியார் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“அம்மா” என்றேன்.

அம்மா எழுந்து வந்து என்னை அடித்தாள். முதுகு, கால், எங்கே பட்டது என்று பார்க்காமல் அடித்தாள். யாரும் தடுக்கவில்லை. மேலே ஏறி வந்த வாத்தியார்தான் நடுவில் புகுந்து ஓர் அடியைத் தானும் வாங்கிக்கொண்டார். உடம்பெல்லாம் சேறு.

“போறும்மா. போறும். நாளைக்குக் கூட்டிக்கினு வா.”

அம்மா நாளை வரை காத்திருக்கவில்லை. அப்போதே அவர் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். ஒரு தேதியை அவராகவே போட்டார். கையைத் தூக்கச் சொல்லவில்லை. ஆயிரம் கேள்வி கேட்டிருக்கலாம். அப்பா பெயரை மட்டும் கேட்டார். அம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். நான் சொன்னேன்.

அண்டாவில் அடிப்பிடித்த சோறு கொஞ்சம் இருந்தது. அதைத் தின்றேன்.

அதன் பிறகும் அம்மாவுக்குப் பயம் விடவில்லை. வேலைக்கு நடுவில் தலைச் சும்மாடோடு ஓடி வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடுவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். வாத்தியார் பாடத்தை நிறுத்தி, “இங்கதான் கீதும்மா, போ” என்பார்.