ஆறு விரல் பையனின் இலை

எனக்குப் படம் வரையத் தெரியும் என்று சொன்னதுதான் நான் செய்த முதல் மடத்தனம். சொன்னதோடு நிற்காமல் வரைந்தும் காட்டியது இரண்டாவது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு வாத்தியாராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். நான் கரும்பலகையில் யானை போட்டால் பிள்ளைகள் மண்ணெண்ணெய் டின் என்பார்கள். மயில் போட்டால் மரியாதைக்குப் பேசாமல் இருப்பார்கள். அந்தக் கையால் ஒரு பையனை வரைந்தேன். ரம்புத்தான் மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பான். இடது கையில் ஆறு விரல். வேண்டுமென்று போட்டதல்ல, எண்ணிக்கை தவறிவிட்டது.

படம் கேட்டவர் சிறு பிள்ளைகள் வகுப்பு டீச்சரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், அண்ணன் ரயில்வேயில் கிளார்க். ஒரு நாள் பழைய நாட்காட்டித் தாள்களைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். “மாஸ்டர், எனக்கு முகங்கள் வேணும். எழுத்து ஒண்டும் வேண்டாம். பயந்த முகம், கோவக்கார முகம், தனிச்சுப்போன முகம். கீறித் தருவியளோ?” அவர் ஊரில் வரைவதைக் கீறுவது என்பார்கள். என் கைவண்ணத்துக்கு அந்தச் சொல்தான் பொருத்தம். எழுத்தில்லாத புத்தகம் எதற்கு என்று கேட்டேன். “எழுத்து ஓடிப்போகாது. முதல்ல, தனக்குப் பக்கத்தில இருக்கிற பிள்ளையின்ர முகத்தை வாசிக்கப் பழகட்டும்” என்றார். தாள்களின் பின்பக்கத்தில் நான் கீறித் தந்ததைச் சணல் கயிற்றால் தைத்துப் புத்தகமாக்கிவிட்டார்.

என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைப்பார், பிள்ளைகள் சுற்றி உட்காருவார்கள். நான் என் பிள்ளைகளுக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டுத் தடுப்பின் இடுக்கில் காதை வைத்துக்கொள்வேன்.

“இந்தப் பொடியனுக்கு என்ன நடந்திருக்கும்?”

“விரலைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க டீச்சர்!”

“இல்ல டீச்சர், அவங்கப்பா கள்ளு குடிச்சிட்டு அடிச்சிருப்பாரு.”

“பசிக்குது அவனுக்கு. மூஞ்சியப் பாருங்க.”

வெட்கம் தாங்காமல் அந்த ஆறாவது விரலை அழித்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். “விடுங்கோ மாஸ்டர். அந்த விரல்தான் பிள்ளையளைக் கதைக்க வைக்குது” என்று சொல்லிவிட்டார்.

கேள்வி முடிந்ததும், “அப்ப நாங்கள் அவனுக்கு என்ன செய்வம்?” என்பார். படத்துக்கு முன்னால் ஒரு துண்டு வாழையிலை. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாத்திரத்திலிருந்து கொஞ்சம் வைக்க வேண்டும். பாதி இட்லி, ஒரு வில்லை மரவள்ளிக்கிழங்கு, பாசாரில் வாங்கிய பிசாங் கோரேங் என்கிற பொரித்த வாழைப்பழத்தில் ஒரு விள்ளல். பிறகு டீச்சரம்மா, “பொடியனுக்கு வயிறு நிறைஞ்சிட்டுது. மிச்சத்தை ஆர் முடிச்சுக் குடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு, தற்செயலாகப் பார்ப்பதுபோல ரயில் கேட்டுக்காரர் மகளைப் பார்ப்பார்.

அந்தக் குழந்தையின் அம்மா நெடுநாளாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்பாவோ கொடியும் கையுமாகக் கேட்டை விட்டு நகர முடியாதவர். வீட்டில் சமைக்க ஆளில்லை. முன்பெல்லாம் சாப்பாட்டு மணி அடித்ததும் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வாள். இலை வந்தபிறகு குழாயடிக்குப் போவதை விட்டாள். ஆறு விரல் பையனுக்கு ஒத்தாசை செய்கிற முகத்தோடு அவள் சாப்பிடுவாள். கொடுத்தவர்களுக்குக் கொடுத்த நினைப்பில்லை, வாங்கியவளுக்கு வாங்கிய கூச்சமில்லை. நான் எத்தனையோ நீதிபோதனை வகுப்பு எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள்.

அப்புறம் அவளுடைய அம்மா இறந்துபோனார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் பள்ளிக்கூடம் திரும்பிய அன்று, பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பெரிய இலையாகக் கொண்டுவந்து போட்டார்கள். வழக்கத்தைவிட அதிகமாக வைத்தார்கள். ஒருத்தி செம்பருத்திப் பூவும் ஒன்று வைத்தாள். கேட்டுக்காரர் மகள் உட்காரவில்லை. இலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

“இவன் எப்ப செத்தான் டீச்சர்?”

வீட்டில் அம்மாவின் சேலையை மடித்து வைத்து, விளக்கேற்றி, அதன் முன்னால் இலை போட்டதைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். நம் வீடுகளில், இனிமேல் சாப்பிட வரமுடியாதவர்களுக்குத்தானே அப்படி இலை போடுகிறோம்? இத்தனை நாள் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. டீச்சரம்மா வாயைத் திறக்குமுன் வகுப்பே அழ ஆரம்பித்துவிட்டது. தாங்கள் தினமும் சோறு போட்ட பையன் செத்துப்போனவனா!

அழுகையென்றால் ஒரு வேடிக்கை காட்டி அணைத்துவிடலாம் என்பது என் கட்சி. ஓசைப்படாமல் தடுப்பைச் சுற்றி வந்து கரும்பலகைக்குப் பின்னால் பதுங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தேன்: “யாருடா என்னைச் செத்துப்போனேன்னு சொன்னது? முதல்ல இட்லிக்கு உப்புப் போடுங்கடா!”

கூரை அதிரச் சிரித்தார்கள். கோட்டையைப் பிடித்தவன்போல வெளியே வந்தேன். கேட்டுக்காரர் மகள் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் வந்து வேட்டி நுனியைப் பிடித்தாள்.

“அப்ப எங்கம்மாவும் பேசுவாங்களா சார்? நானும் இலை போட்டுட்டு உக்காந்தே இருந்தேன். பேசவே இல்ல.”

டீச்சரம்மாதான் மண்டியிட்டு உட்கார்ந்து அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். “இல்லையம்மா. அம்மா கதைக்க மாட்டா. இப்ப கேட்டது மாஸ்டரின்ர குரல்.” அதற்குப் பிறகுதான் அந்தக் குழந்தை அழுதது. அதுவரை அழவே இல்லையாம், அவள் அப்பா பிற்பாடு சொன்னார். இவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டுமா என்று டீச்சரம்மாவைக் கேட்டேன். “உங்கட பகிடியை நம்பிக்கொண்டு பிள்ளை எத்தினை நாளைக்கு அந்தச் சேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்?” என்றார்.

மறுநாள் அதே தாளில், பையனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை வரையச் சொன்னார். வரைந்தேன். இந்தமுறை விரல் வம்பே வேண்டாமென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டேன். கேட்டுக்காரர் மகள் வெகுநேரம் பார்த்தாள். அதன்பின் படத்துக்கு முன்னால் இலை போடுவதில்லை. பிள்ளைகளுக்கு நடுவில் போட்டார்கள். எல்லாருமாகச் சாப்பிட்டார்கள்.

அண்ணனுக்கு ஓய்வு வந்ததும் டீச்சரம்மா அவரோடு ஊருக்குப் போய்விட்டார். “உங்கட பிள்ளை, நீங்களே வளர்த்தெடுங்கோ” என்று புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். போன மாதம், அவர் தவறிவிட்டதாகக் கப்பலில் வந்த ஒருவர் சொன்னார். அவருடைய நிழற்படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். கேட்டுக்காரர் மகள் இப்போது அங்கேதான். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை, இடுப்பில் ஒரு பையன். விஷயத்தைச் சொன்னேன். குழந்தையை இறக்கி என் மடியில் விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். சோறு வெந்தது, கிழங்கு வெந்தது, எண்ணெயில் வாழைப்பழம் பொரிகிற வாசனை வந்தது. பிறகு ஆறு விரல் பையன் இருக்கும் பக்கத்தை விரித்துச் சுவரில் சாய்த்து, விளக்கேற்றி, முன்னால் இலை போட்டுப் பரிமாறினாள். தாள் பழுத்துவிட்டது. ஆறாவது விரல் மட்டும் அழியாமல் துருத்திக்கொண்டு நின்றது. குழந்தை படத்தைக் காட்டி, “யாரும்மா?” என்றான்.

“எனக்குச் சோறு போட்டவங்க.”

நான் மெல்லச் செருமினேன். அவள் திரும்பாமலே சொன்னாள்:

“குரல் குடுக்காதீங்க, சார்.”