தம்பியின் துணிக்குழாய்

சிக்குன்குனியா வந்த வருஷம் திருப்பூரில் யாரும் நேராக நடக்கவில்லை. எங்கள் லைன் வீட்டின் எட்டுக் குடித்தனமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்க வந்தது. காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும். மூட்டுவலிதான் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கிளம்பவே கிளம்பாது.

அம்மாவுக்கும் வந்தது. தம்பிக்கு அப்போது ஆறு வயது, பேச்சு வரவில்லை. அதற்கு ஆட்டிசம் என்று டாக்டர் பெயர் சொல்லியிருந்தார். சத்தம் கூடினாலோ, வழக்கம் மாறினாலோ சுவரில் தலையை முட்டிக்கொள்வான். அம்மா மடியில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டால்தான் அடங்குவான். ஒரு நாளைக்கு நாலைந்து முறையாவது அப்படிப் பிடிக்க வேண்டும். வீங்கிய மணிக்கட்டோடு அம்மாவால் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. பனியன் கம்பெனியில் பாதிப் பேர் படுத்துவிட்டதால் அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிட்டிங் மெஷின் ஓட்டும் மாமாதான் வழி கண்டுபிடித்தார். பனியன் துணி மெஷினிலிருந்து குழாய் மாதிரி, இரண்டு பக்கமும் திறந்துதான் இறங்கும். குழந்தைகள் பனியனுக்கான குறுகலான துணியில் ஆள் நீளத்துக்கு ஒரு துண்டு கொண்டுவந்து தம்பியை உள்ளே நுழைத்தார். துணி அவனை எல்லாப் பக்கமும் இறுக்கிப் பிடித்தது. அரை மணி நேரம் சத்தமே இல்லை.

"பாத்தீங்களாக்கா, இனி உங்க கைக்கு லீவு" என்றார் மாமா. கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டில் அவர்தான் டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விளையாடிவிட்டு வந்தபோது தம்பி கட்டிலுக்கடியில் காலி நூல் கோனை உருட்டிக்கொண்டிருந்தான். கட்டில்மேல் துணிக்குழாய் தானாக அசைந்தது. நான் போட்ட கூச்சலில் லைன் வீடே நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்தது அம்மா. எப்படியோ நுழைந்துவிட்டார், மடங்காத முட்டியோடு வெளியே வர முடியவில்லை.

அடுத்த தெருவிலிருந்து மாமா கத்தரிக்கோலோடு ஓடிவந்தார். உள்ளிருந்து அம்மா கத்தினார்: "வெட்டிப்போடாதடா! பையனுக்கு வேணும். மெதுவா இழு."

இழுத்தெடுத்தார்கள். வலித்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகமெல்லாம் ஈரம். மூட்டுவலிக்கு அழுகிறார் என்று நினைத்தேன்.

"ஏம்மா உள்ள போனீங்க?"

"சும்மாதான் கண்ணு. துணியில ஓட்டை கீட்டை இருக்குதான்னு பாத்தேன்."

எங்கள் ஊரில் அது நியாயமான பதில். கம்பெனிகளில் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடுவதற்கென்றே ஆள் உண்டு. தம்பி பிறக்கும்வரை அம்மா பார்த்ததும் அந்த வேலைதான்.

மறுநாளிலிருந்து மாமா ஷிப்ட் முடிந்ததும் வந்து தம்பியை வண்டியில் ஒரு சுற்று கூட்டிப்போனார். அந்த நேரம் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக்கொள்வார். என்னை ஏற்றிக்கொள்ளவில்லையே என்று எனக்கு மாமாமேல் கோபம்.

அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. ஒரு நாள் அவர் படுத்திருந்த நேரம், வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிக்குழாயை எடுத்து உள்ளே நுழைந்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தவழ்ந்து பார்த்தேன். பிறகு கதவைத் தட்டி அம்மாவை எழுப்பிப் பெருமையாகச் சொன்னேன்:

"ஒரு ஓட்டைகூட இல்லீங்கம்மா. இனி நீங்க உள்ள போகவே வேண்டாம்."