உயர்த்திய கைகள்

எங்கள் புவியியல் சேர் ஒல்லியானவர். வெள்ளைத் தொப்பி, சோக்கட்டித் தூள் படிந்த சட்டைக் கை. அவர் வகுப்பில் யாரும் குரல் எழுப்பக் கூடாது. கேள்வி இருந்தால் கையை உயர்த்திக் காத்திருக்க வேண்டும்.

சுனாமி என்ற சொல்லையே நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அந்த ஞாயிறு காலை, கல்முனைக் கடற்கரையோரம் அவருடைய டியூசனில் இருந்தோம். கடல் திடீரென்று உள்வாங்கியது. சேர் எங்களைக் கூட்டிப் போய் மணலில் நிறுத்திவிட்டு, தான் மட்டும் ஈரத் தரையில் இறங்கினார். கரும்பலகைக்கு முன்னால் நிற்பதைப் போலவே கடலுக்கு முதுகு காட்டி நின்றார்.

"புள்ளையள், கடல் வத்துறதும் பெருகுறதும், வத்துப்பெருக்கு எண்டு படிச்சமே, இதான். நல்லாப் பாத்துக்கங்க."

அவருக்குப் பின்னால் கறுப்பாக, தென்னை உயரத்துக்கு ஒன்று எழும்பி வந்தது. கத்தியிருக்கலாம். பழக்கத்தில் எல்லோரும் கையை உயர்த்தினோம்.

சேரின் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ், இவ்வளவு கேள்வியா? ஒவ்வொராளாக் கேளுங்க."

பிறகுதான் யாரோ கத்த, ஓடினோம். சேர் வரவில்லை.

இன்று நானும் ஆசிரியர். பிள்ளைகள் கை உயர்த்தினால், முதலில் திரும்பி என் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறேன்.