அமுதவல்லியின் காலுறைகள்

சேந்தமங்கலம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் அமுதவல்லிக்கு வேலை. காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸை மாட்டினால் மாலை ஐந்துக்குத்தான் கழற்றுவாள். ஒவ்வொரு ஷெட்டுக்குள் நுழையும்போதும் வாசல் தொட்டியிலுள்ள மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே மருந்து, உள்ளே வியர்வை. பதினோரு மணிக்கெல்லாம் பாதம் ஈரத்தில் வழுக்கும்.

அவள் கணவன் செங்கோடன் போர்வெல் ரிக் வண்டியில் இருந்தான். தை மாதம் சத்தீஸ்கரில் வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். உடல் மூன்றாம் நாள் வந்தது. அமுதவல்லி அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டாள். சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். மாலையில் பூட்ஸைக் கழற்றி மூலையில் போட்டால் காலைக்கூடக் கழுவாமல் படுத்துவிடுவாள்.

சித்திரையில் விரலிடுக்குகள் வெளுத்து ஊறின. தோல் பிளந்தது. அரித்தது, எரிந்தது. வேறு யாருக்கோ நடப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட வேலை செய்யும் நல்லம்மாள்தான் ஒருநாள் சோறு தின்னும்போது மூக்கைப் பொத்தினாள்.

"ஏம்புள்ள, இந்த நாத்தம் உங்காலா?"

"இருக்கும்க்கா."

"கழட்டு, பாக்கறேன்."

பார்த்தவள் மீதிச் சோற்றை மூடிவைத்தாள். மறுநாளே அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தார். இல்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார். நர்ஸ் நர்மதா காலைத் துடைத்தபடியே சொன்னாள்.

"ஈரம் நின்னா இந்தப் புண்ணு ஆறாதுங்க்கா. தெனமும் சோப்புப் போட்டுக் கழுவோணும். வெரலிடுக்கெல்லாம் தனித்துணியில ஒத்தி எடுத்துட்டுத்தான் மருந்து. பருத்திச் சாக்ஸ் போடுங்க, மத்தியானம் ஒருக்கா மாத்துங்க. பூட்ஸ் ரெண்டு சோடி வெச்சுக்கிட்டு நாளு உட்டு நாளு போடுங்க."

"செரிங்க."

"வலிக்கலீங்களா?"

"வலிக்குதுங்க."

"அப்பறம் ஏனுங்க இத்தன நாளு வரலை?"

அமுதவல்லி களிம்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ரிக் கம்பெனி ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த செங்கோடனின் பை பீரோ மேல் கிடந்தது. அவள் அதை அதுவரை திறக்கவில்லை. அன்று இறக்கித் திறந்தாள். டீசல் வாடை வந்தது. லுங்கிக்கு அடியில் நான்கு ஜோடி சாக்ஸ். விரலால் நெருடிப் பார்த்தாள், பருத்திதான். துவைத்துக் கம்பியில் போட்டாள். எதிர்வீட்டு முத்தாயம்மாள் அவற்றைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அமுதவல்லி காற்றில் பறக்காமல் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லம்மாள் மேஸ்திரியிடம் பேசி இன்னொரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தாள். மத்தியானம் அமுதவல்லி குடோன் படியில் கால்களை நீட்டி உட்காருவாள். விரல்களை விரித்துக் காற்றில் உலரவிட்டு, வேறு சாக்ஸ் மாட்டுவாள். குதிகாலுக்கு மேல் துணி தொளதொளவென்று நிற்கும், மடித்துவிட்டுக்கொள்வாள். ஒருநாளும் தவறவில்லை. செய்யச் சொன்னார்கள், செய்தாள்.

ஆனி முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. நர்மதா விரலிடுக்கில் பஞ்சை ஓட்டியபோது கால் வெடுக்கென்று பின்னால் போனது.

"கூசுதுங்களா?"

"ஆமாங்க."

சிரிப்பு வருவதுபோல் இருந்தது. வரவில்லை.

"ஆறிருச்சுன்னு களிம்ப நிறுத்தீராதீங்க. இன்னும் ரெண்டு வாரம் போடுங்க."

கூட வந்திருந்த நல்லம்மாளோடு திரும்பும் வழியில் கடைவீதியில் நின்று தன் அளவுக்கு சாக்ஸ் கேட்டாள்.

"என்ன கலருங்க?" என்றார் கடைக்காரர்.

நல்லம்மாள், "ஏதோ ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டினாள்.

"கொஞ்சம் இருங்க்கா," என்றாள் அமுதவல்லி. வெகுநேரம் பார்த்துவிட்டு நீலத்தைக் காட்டினாள்.